இடாப்பில் இல்லாத பெயர்: கல்முனைக் கரையோரத்தில் பட்டப்பேரும் பதின்ம வயதும்

கல்முனைக்கு வடக்கே மருதமுனை, மேற்கே நற்பிட்டிமுனையும் சம்மாந்துறையும், தெற்கே சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று, கடலுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் முஸ்லிம் ஊர்கள் நெருங்கி அமைந்திருக்கின்றன. 1961 இல் மட்டக்களப்பிலிருந்து பிரிந்து அம்பாறை தனி மாவட்டமானபோது இந்த ஊர்கள் அதனுள் வந்தன. இங்குள்ள பாடசாலை ஒன்றில் ஆறாம் தரத்தில் சேரும் பிள்ளை பத்தாம் தரத்தை எட்டுவதற்குள் பெரும்பாலும் இரண்டு பெயர்களுக்கு உரியதாகிவிடுகிறது. ஒன்று வரவு இடாப்பில் இருப்பது. காலையில் ஆசிரியர் வாசிக்கும்போது ஒலிப்பது. மற்றது கூட்டாளிமார் வைத்த பட்டப்பேர்; இடைவேளையிலும் மைதானத்திலும் டியூஷன் வகுப்பிலும் கடற்கரையிலும் அந்தப் பிள்ளையை அழைப்பது. இந்த இரண்டாவது பெயரைப் பற்றி ஊரில் இரண்டு தீர்ப்புகள் உண்டு. பிள்ளைகளின் பகிடிதானே, பெரிதுபடுத்த வேண்டாம் என்பது ஒன்று. பட்டம் தெளிப்பது பாவம், அடியோடு நிறுத்த வேண்டும் என்பது மற்றது. இரண்டு தீர்ப்புகளும் பெயரைப் பார்க்கின்றன, பெயரைச் சுமக்கிற பிள்ளையைப் பார்ப்பதில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். ஒரு பட்டப்பேர் பதின்ம வயதுப் பிள்ளையை வளர்க்கிறதா, நசுக்குகிறதா என்பதைத் தீர்மானிப்பது ஒரே ஒரு விடயம்: அந்தப் பெயரை மறுக்கவும் மாற்றவும் அந்தப் பிள்ளைக்கு உரிமை இருக்கிறதா என்பது.

பட்டப்பேர் ஏன் இவ்வளவு தேவைப்படுகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். இக்கரையோர முஸ்லிம்களிடம் தலைமுறை தலைமுறையாக மாறாமல் வரும் குடும்பப் பெயர் பெரும்பாலும் கிடையாது. தகப்பனின் பெயர் முதலெழுத்துகளாகச் சுருங்கிப் பிள்ளையின் பெயருக்கு முன்னால் நிற்கும். ஆண் பிள்ளையின் பெயரோடு ‘முகம்மது’வும் பெண் பிள்ளையின் பெயரோடு ‘பாத்திமா’வும் சேர்வது மிகப் பரவலான வழக்கம். மூத்த தலைமுறையில் மீராலெவ்வை, உதுமாலெவ்வை, ஆதம்பாவா, சீனிமுகம்மது, பாத்தும்மா, ஆசியா உம்மா என்று இந்த மண்ணுக்கே உரிய பெயர்கள் நிறைந்திருந்தன. அடுத்த தலைமுறைகளில் லெவ்வையும் பாவாவும் உதிர்ந்து, றிஸ்வான், நௌசாத், இம்தியாஸ், றிஸ்னா, சஹ்னா போன்ற பெயர்கள் பரவின. ஏ.எல்.எம்., யூ.எல்.எம். என்று வரும் முதலெழுத்துகளில் நடு எழுத்துக்குள் பெரும்பாலும் ஒரு லெவ்வையும் கடைசி எழுத்துக்குள் ஒரு முகம்மதுவும் அடங்கியிருப்பார்கள். பெயர்கள் இப்படி நெருங்கும்போது ஒரே வகுப்பில் இரண்டு, மூன்று றிஸ்வான்கள் இருப்பது புதுமை அல்ல. அவர்களில் இருவருக்கு முதலெழுத்துகளும் ஒத்துப்போகலாம். ஸ்பெயினின் அந்தலூசிய மலைக்கிராமம் ஒன்றை ஆராய்ந்து 1954 இல் நூல் எழுதிய மானிடவியலாளர் ஜூலியன் பிட்-றிவர்ஸ், அங்கும் ஊரார் ஒருவரையொருவர் பட்டப்பெயராலேயே அறிந்திருந்ததை விவரிக்கிறார். பதிவேட்டுப் பெயர் ஆளைப் பிரித்துக் காட்டத் தவறும் இடத்தில் ஊர் தானே ஒரு பெயரை உண்டாக்கிக்கொள்கிறது. ஆகவே பட்டப்பேரின் முதல் வேலை ஆளை அடையாளம் காட்டுவது. அதில் தீங்கு எதுவும் இல்லை.

ஆனால் ஆளைப் பிரித்துக் காட்டுவதோடு அதன் வேலை முடிவதில்லை. இந்தக் கரையோரத்தில் ஒருவர் யார் என்று சொல்ல ஏற்கெனவே பல ஏற்பாடுகள் இருக்கின்றன. தாய்வழியாக வரும் ‘குடி’ அவற்றில் ஆழமானது. இப்பகுதித் தமிழரும் முஸ்லிம்களும் பகிர்ந்துகொள்ளும் இந்த முறையை, 1969 முதல் அக்கரைப்பற்றில் களப்பணி செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 2008 இல் வெளியான தன் பெருநூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். பிள்ளை தாயின் குடியைச் சேரும். ஒரே குடிக்குள் மணம் முடிப்பதில்லை. பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிக்கு ஒரு மரைக்காயர் அமர்வது மரபு. வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். இதோடு போடியார், ஓடாவி, பரிசாரி, அண்ணாவி, ஆலிம், ஒஸ்தா என்று நிலத்தையும் தொழிலையும் கல்வியையும் சொல்லும் பட்டங்கள் பெயரோடு ஒட்டி நின்றன. இவை அனைத்துக்கும் பொதுவான தன்மை ஒன்று உண்டு: ஒன்றைக்கூடப் பிள்ளை சம்பாதிக்கவில்லை. முதலெழுத்தில் வாப்பா இருக்கிறார், குடியில் உம்மா இருக்கிறா, பெயரில் மார்க்கம் இருக்கிறது, பிறப்புச் சான்றிதழில் அரசாங்கம் இருக்கிறது. பிள்ளை பிறந்த பிறகு, அது செய்ததையும் சொன்னதையும் பார்த்து, சமவயதுக்காரர் கொடுக்கிற முதல் பெயர் பட்டப்பேர்தான். அதன் கவர்ச்சிக்கும் ஆபத்துக்கும் காரணம் இதுவே.

பதின்ம வயதில் அந்தப் பெயர் ஏன் இவ்வளவு ஆழமாகப் பதிகிறது என்பதற்கு உளவியல் தரும் விளக்கம் பயனுள்ளது. எரிக் எரிக்சன் 1968 இல் வெளியிட்ட நூலில், இளமைப் பருவத்தின் மையப் பணி ‘நான் யார்’ என்ற கேள்விக்கு விடை தேடுவதே என்று வாதிட்டார். அந்த விடை தனிமையில் கிடைப்பதில்லை. பிறர் தன்னை எப்படிக் காண்கிறார்கள் என்பதோடு தான் தன்னைக் காண்பது பொருந்த வேண்டும். வீட்டார் சொல்வதை நம்புவது குறைந்து கூட்டாளிமார் சொல்வதை நம்புவது கூடுகிற பருவம் அது. பிரித்தானியாவில் ஐயோனா, பீற்றர் ஓப்பி தம்பதியினர் ஏறத்தாழ 5,000 பாடசாலைப் பிள்ளைகளிடமிருந்து திரட்டிய பேச்சு வழக்குகளை 1959 இல் நூலாக்கியபோது, பட்டப்பெயர்களுக்கும் அதில் இடம் ஒதுக்கினார்கள். 1979 இல் ஜேன் மோர்கன், கிறிஸ்தோபர் ஓநீல், றொம் ஹாரே மூவரும் பட்டப்பெயர்களுக்கென்றே ஒரு நூல் எழுதினார்கள். எது இயல்பு, எது விலகல் என்று பிள்ளைகள் தமக்குள் சட்டம் வகுத்துக்கொள்கிறார்கள், பட்டப்பேர் அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் கருவி என்பது அவர்களின் முக்கிய கருத்து. கசப்பான பட்டப்பேர்கூட ஒரு வகைக் கவனிப்பு என்பதால், கவனிக்கப்படாமலே போவதைவிட அதைப் பிள்ளைகள் ஏற்றுக்கொள்வதுண்டு என்றும் ஹாரே சுட்டிக்காட்டினார். கல்முனைக்கும் இது பொருந்தும். பெரிய பாடசாலை ஒன்றில், நூற்றுக்கணக்கான வெள்ளைச் சட்டைகளுக்கு நடுவில், ஒரு பட்டப்பேர் கிடைப்பது தான் ஒருவன் இருப்பதாகக் கணக்கில் எடுக்கப்பட்டதற்கு அத்தாட்சி. அதனால்தான் தன்னை உள்ளுக்குள் காயப்படுத்துகிற பெயருக்கும் ஒரு பையன் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்க்கிறான்.

எல்லாப் பட்டப்பேரும் ஒரே இனம் அல்ல. பெயரைச் சுருக்கி உண்டாவது மிக மென்மையானது: றிஸ்வான் ‘றிஸு’ ஆவது போன்றது. அடுத்தது திறமையிலிருந்தோ ஆசையிலிருந்தோ வருவது. 1996 உலகக் கிண்ணத்துக்குப் பிறகு மென்பந்து கிரிக்கெட் ஆடிய பையன்களுக்குச் சனத், அரவிந்த, முரளி என்ற பெயர்கள் கிடைத்த வகை அது. மூன்றாவது ஒரு சம்பவத்திலிருந்து பிறப்பது: வாசிப்பில் தடுமாறிய ஒரு சொல், மேடையில் மறந்த ஒரு வரி, ஒரு நாள் செய்த குறும்பு. இதில் பகிடி உண்டு, ஆனால் சம்பவம் பழையதாகும்போது பெயரும் தேய வாய்ப்பு உண்டு. நான்காவது உடம்பிலிருந்து வருவது: கறுவல், கட்டையன், ஈக்கில், பல்லன், கொன்னை, சொத்தி. ஐந்தாவது வீட்டிலிருந்து வருவது: வாப்பாவின் தொழில், வீட்டின் வறுமை, குடும்பத்தில் நடந்த ஓர் அவமானம். கடைசி இரண்டும் மற்றவற்றிலிருந்து அடிப்படையில் வேறுபடுகின்றன. விளையாட்டுத் திறமையை வளர்க்கலாம், குறும்பை விடலாம். தோலின் நிறத்தையோ திக்குவாயையோ வாப்பாவின் மீன் பெட்டியையோ பதின்மூன்று வயதுப் பிள்ளை மாற்ற முடியாது. கரைவலையில் உழைக்கிறவரின் மகனும் மருதமுனைத் தறியில் நெய்கிறவரின் மகனும் சம்மாந்துறை வட்டையில் நிலம் வைத்திருக்கிற போடியாரின் மகனும் ஒரே வாங்கில் அமர்வது, 1940களில் தொடங்கிய இலவசக் கல்வி தந்த பெரும் பேறு. தகப்பனின் தொழிலைப் பட்டப்பேராக்கும்போது, பாடசாலை சமப்படுத்திய ஏற்றத்தாழ்வை வகுப்பறை திரும்பவும் உள்ளே கொண்டுவருகிறது. தமிழ், முஸ்லிம் மாணவர்கள் ஒன்றாகக் கூடும் டியூட்டரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் இனத்தைச் சுட்டும் வசைச்சொல் பட்டப்பேராக மாறினால் அதுவும் இந்த வகையைச் சேர்ந்ததே; முப்பது ஆண்டுப் போரின் சுமையும் அதன் மேல் ஏறிக்கொள்கிறது.

இங்கே மார்க்கத்தின் நிலைப்பாட்டை உரிய கவனத்தோடு பார்க்க வேண்டும். இந்த ஊர்களில் இது பற்றிய எந்தப் பேச்சும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும். சூரத்துல் ஹுஜுராத்தின் 11ஆம் வசனம், ஒருவரையொருவர் பரிகசிப்பதையும் இகழ்ச்சியான பட்டப்பெயரால் அழைப்பதையும் தெளிவாகத் தடுக்கிறது. ஜும்ஆ மேடைகளில் அடிக்கடி நினைவூட்டப்படும் வசனம் இது. ஆயினும் இஸ்லாமிய மரபு பட்டப்பெயரையே வெறுத்த மரபு அல்ல. மிக அதிகமான ஹதீஸ்களை அறிவித்த ஸஹாபி, பூனைக்குட்டியோடு தொடர்புடைய அபூ ஹுறைறா என்ற பெயரால்தான் அறியப்படுகிறார். அவருடைய இயற்பெயர் எது என்பதில் அறிஞர்களிடையே பல கருத்துகள் நிலவும் அளவுக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. பள்ளிவாசல் தரையில் மண் படிய உறங்கிய அலீ (ரழி) அவர்களை நபிகள் நாயகம் (ஸல்) அன்போடு ‘அபூ துறாப்’, அதாவது மண்ணின் தந்தை, என்று அழைத்தார்கள். அலீக்கு அதைவிடப் பிரியமான பெயர் வேறில்லை என்று ஹதீஸ் பதிவு செய்கிறது. பின்னாளில் உமையாக்களின் காலத்தில் அவருடைய எதிரிகள் அதே பெயரை இகழ்ச்சியாகப் பயன்படுத்தினார்கள். பெயரில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அழைத்த வாய் மாறியது, பெயரின் தன்மையே மாறிவிட்டது. ஹதீஸ் அறிவிப்பாளர் வரிசையில் அல்அஃமஷ், அல்அஃரஜ் என்று பார்வைக் குறையையும் கால் ஊனத்தையும் சுட்டும் பெயர்கள் இருக்கின்றன. பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் நவவி, ஆளை அடையாளம் காட்டும் தேவைக்காக மட்டும் இத்தகைய பெயரைச் சொல்லலாம், இழிவுபடுத்தும் நோக்கில் சொல்வது ஆகாது, வேறு வழியில் அடையாளம் காட்ட முடிந்தால் அதுவே மேல் என்று எழுதினார். சொல் எது என்று மட்டும் பாராமல், நோக்கம் என்ன, தேவை என்ன, சுமக்கிறவரின் மனம் என்ன என்று கேட்கிற மரபு இது. பாவம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறவர்கள், தம் மரபிலேயே இருக்கிற இந்த நுட்பத்தைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் வாய்ப்பை இழக்கிறார்கள்.

முதல் மறுப்பு இப்படி வரும்: நாங்களும் பட்டப்பேரோடுதான் வளர்ந்தோம், எங்களுக்கு என்ன கெட்டுப்போயிற்று? இன்றைக்கும் தோஹாவிலும் துபாயிலும் இருந்துகொண்டு, சாதாரண தரம் ஒன்றாக எழுதிய கூட்டாளிமார் வட்ஸ்அப் குழுவில் பழைய பட்டப்பேரால் அழைத்தால் மனம் குளிர்கிறதே. இந்த அனுபவம் உண்மையானது. கடவுச்சீட்டிலும் கம்பனி அட்டையிலும் நீண்ட அரபுப் பெயரோடு அந்நிய நாட்டில் உழைக்கிற ஒருவரை, அவர் எங்கே தொடங்கினார் என்று அறிந்த மனிதரோடு சேர்த்து வைப்பது அந்தப் பெயர்தான். இந்தக் கரையோரத்துக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. மணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டுக்குக் குடிபோகிறபோது, அந்தத் தெருவில் அவர் இன்னாருடைய மருமகனாகத்தான் அறிமுகமாகிறார். பிறந்த வட்டாரத்தோடு அவரைப் பிணைக்கும் தனிப் பெயராகப் பாடசாலைப் பட்டப்பேர் மிஞ்சுகிறது. ஆனால் இந்தச் சாட்சியத்தில் ஒரு குறைபாடு இருக்கிறது. அந்தக் குழுவில் இருந்து மகிழ்கிறவர்கள், தம் பெயரோடு சமாதானமாக வாழ முடிந்தவர்கள். தன்னைக் குத்திய பெயர் மறுபடி ஒலிக்குமென்று அஞ்சி அந்தக் குழுவில் சேராதவருடைய சாட்சியம் அங்கே பதிவாவதில்லை. 2018 ஆம் ஆண்டின் பீசா ஆய்வில், பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் அபிவிருத்தி அமைப்பின் நாடுகளில் 15 வயது மாணவரில் 23 வீதத்தினர் மாதத்தில் சில தடவையேனும் சக மாணவரின் துன்புறுத்தலுக்கு உள்ளானதாகக் கூறினார்கள்; கேலிக்கு உள்ளாவதும் அந்த ஆய்வு கணக்கிட்ட துன்புறுத்தல்களில் அடங்கும். நான்கு பேரில் ஏறத்தாழ ஒருவர். எஞ்சிய மூவருடைய இனிய நினைவு அந்த ஒருவருக்குப் பதிலாகப் பேச முடியாது.

இதே மறுப்பின் இன்னொரு வடிவம், அவனே சிரிக்கிறான், அவனுக்கே பிடித்திருக்கிறது என்பது. சிரிப்பைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது இந்த விடயத்தில் நாம் செய்யும் மிகப் பெரிய பிழை. பதினான்கு வயதில் ஒருவன் கோபித்தால் பெயர் இறுகும். அழுதால் இன்னும் இறுகும். முறையிட்டால் ‘கோள் சொன்னவன்’ என்ற புதிய பெயரும் சேரும். ஆகவே சிரிப்பதுதான் அவனுக்கு இருக்கிற மலிவான தற்காப்பு. உண்மையான சம்மதத்தை அறிய ஒரே வழி, மறுத்தால் என்ன நடக்கிறது என்று பார்ப்பது. ‘அப்படிக் கூப்பிடாத மச்சான்’ என்று ஒரு தடவை சொன்னதும் பெயர் நின்றுபோனால், அதற்கு முன் நடந்தது விளையாட்டு. சொன்ன பிறகு இரட்டிப்பாக ஒலித்தால், அதற்கு முன் நடந்ததும் விளையாட்டு அல்ல.

இரண்டாவது மறுப்பு எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது: இவ்வளவு ஆபத்து இருந்தால் பாடசாலைக்குள் பட்டப்பேரைத் தடைசெய்துவிடலாமே? பல்கலைக்கழகங்களில் பகிடிவதையின் ஒரு பகுதியாகப் புதிய மாணவருக்கு இழிவான பெயர் சூட்டுவது நடந்துவருவதும், உடலுக்கோ மனத்துக்கோ துன்பமும் அச்சமும் விளைவிக்கும் செயலைக் குற்றமாக்கும் 1998 ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் வந்ததும் இந்த வாதத்துக்கு வலுச் சேர்க்கின்றன. கட்டாயப்படுத்திப் பெயர் சூட்டுவதைச் சட்டம் தண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் சமவயதுப் பிள்ளைகளின் அன்றாடப் பேச்சுக்கு முழுத்தடை பொருந்தாது. அது முடியாத காரியம் என்பது ஒரு காரணம்: பெயர் தேவைப்படுகிற வரையில் பட்டப்பேர் பிறக்கும், தடைசெய்தால் ஆசிரியரின் காதுக்கு எட்டாத இடத்துக்குப் போகும், அங்கே அதைத் திருத்த ஒருவரும் இருக்க மாட்டார். அதைவிட முக்கியமான காரணம், தடை நல்லதையும் சேர்த்து அழித்துவிடும் என்பது. குடியும் தொழிலும் சொத்தும் பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே மாதிரிப் பெயர் வைக்கக்கூடிய கூட்டாளிமார் வட்டம், பிள்ளை தன் வீட்டுக்கு வெளியே தானாகக் கட்டிய முதல் சமூகம். அதன் மொழியைப் பறித்துவிட்டு அதன் அன்பை மட்டும் காப்பாற்ற முடியாது.

பெண் பிள்ளைகளின் நிலை தனியே ஆராயத் தக்கது. கல்முனையில் 1949 இல் தொடங்கிய ஸாஹிறாக் கல்லூரியும் பின்னர் எழுந்த மஹ்மூத் மகளிர் கல்லூரியும்போல, ஆண், பெண் பிள்ளைகள் இடைநிலைக் கல்வியைத் தனித்தனியே பெறுவது இங்கு பரவலானது. பையனின் பட்டப்பேர் தெருவில் ஒலிக்கும், பந்து விளையாடும் இடத்தில் ஒலிக்கும், தேநீர்க் கடையில் ஒலிக்கும். பெண் பிள்ளையின் பட்டப்பேர் வகுப்பறைக்குள்ளும் சிநேகிதிகளுக்குள்ளும் அடங்கி நிற்கும். அவர்களுக்கு அது வெளியாருக்குத் தெரியாத ஓர் அந்தரங்கச் சுதந்திரம். ஆனால் அது வெளியே கசிந்தால் விளைவு கடுமையாகும். நிறத்தையோ பருமனையோ சொல்லும் பெயர் கல்யாணப் பேச்சு வரைக்கும் தொடர முடியும். மணம் முடித்து வேறூருக்குப் போனால் பழைய பெயர் மறைந்துவிடும் என்ற ஆறுதல் வேறு பல சமூகங்களில் பெண்ணுக்கு உண்டு. தாய்வீட்டு வளவிலேயே வாழ்நாள் முழுதும் இருக்கிற இந்தக் கரையோரப் பெண்ணுக்கு அந்த ஆறுதல் இல்லை. பதினான்கு வயதில் அவளுக்குப் பெயர் வைத்தவர்களே நாற்பது வயதிலும் அவளுடைய அயலவர்கள். வீடும் காணியும் பெண்ணின் பெயரில் இருப்பது அவளுக்குப் பெரும் பலம். அதே ஏற்பாடு ஓர் இழிபெயரையும் அவளோடு நிரந்தரமாகக் குடியிருத்திவிடக்கூடும். ஆகவே, பெண் பிள்ளைகளிடையே பட்டப்பேர் குறைவு, சிக்கலும் குறைவு என்று எண்ணிவிடக் கூடாது.

மூன்றாவது மறுப்பை வாப்பாவும் உம்மாவும் எழுப்புவார்கள்: ஏழாம் நாளில் அகீகா கொடுத்து, நல்ல பொருள் பார்த்து வைத்த பெயர் இருக்க, அடையாளத்தைக் கூட்டாளிமாரிடம் ஏன் தேட வேண்டும்? அந்தப் பெயரின் மதிப்பை ஒருவரும் குறைக்க முடியாது. சாதாரண தரப் பரீட்சைக்காகப் பதினைந்து, பதினாறு வயதில் தேசிய அடையாள அட்டை எடுக்கும்போது அந்தப் பெயரே சட்டத்தின் முன் அவர்களுடைய அடையாளமாக உறுதிப்படுகிறது. ஆனாலும் வளர்ந்து வருகிறவர்கள் தமக்குத் தாமே ஒரு பெயரைத் தேடுவது இந்த மண்ணுக்கு அந்நியமான பழக்கம் அல்ல. ஈழத்து இலக்கியத்தில் இந்தக் கரையோரத்துக்கு இருக்கும் இடமே அதற்குச் சான்று. பெரியநீலாவணையின் சின்னத்துரை தன் ஊரைத் தன் பெயராக்கி நீலாவணன் ஆனார். மருதமுனையின் வி. எம். இஸ்மாயில் மருதூர்க்கொத்தன் ஆனார், யூ. எல். எம். ஹனீபா மருதூர்க்கனி ஆனார். கல்முனையில் 1957 இல் பிறந்த உதுமாலெவ்வை முகம்மது அதீக், சோலைக்கிளி என்ற பெயரில் தமிழ்க் கவிதைக்குப் புதிய ஒரு மொழியைத் தந்தார். சாய்ந்தமருதின் இஸ்ஸத் றீஹானா, அனார் என்ற பெயரில் தமிழுலகெங்கும் வாசிக்கப்படுகிறார். இவர்கள் எவரும் வாப்பா வைத்த பெயரைத் துறக்கவில்லை. அதன் பக்கத்தில் தாமே தேர்ந்த ஒன்றை வைத்து, அதற்கு உழைப்பால் மரியாதை தேடிக்கொடுத்தார்கள். தானே தேர்ந்த பெயர் ஒரு மனிதரின் ஆற்றலை எவ்வளவு திறந்துவிடும் என்பதை இந்தப் பெயர்கள் காட்டுகின்றன. இன்று முகநூலிலும் கைபேசி விளையாட்டிலும் தனக்கொரு பெயரை வைத்துப் பார்க்கிற பிள்ளையும் அந்த வழியில் முதல் அடியைத்தான் எடுத்து வைக்கிறது. அதை விளையாட்டுப் புத்தி என்று ஒதுக்காமல், பாடசாலைச் சஞ்சிகையிலும் தமிழ்த்தின விழாவிலும் அதற்கு இடம் கொடுத்தால், பிறர் வைத்த பெயருக்கு மாற்றாகத் தானே வைத்த ஒன்று அந்தப் பிள்ளையின் கையில் இருக்கும்.

இனி ஆசிரியரின் பொறுப்பு. கூட்டாளி வைக்கும் பெயருக்குப் பிள்ளை பதில் பெயர் வைக்க முடியும். அங்கே ஓரளவு சமநிலை உண்டு. ஆசிரியர் வைக்கும் பெயருக்குப் பதில் கிடையாது. மொக்கன், எருமை என்று ஒரு ஆசிரியர் ஒரு நாள் அலுப்பில் சொன்ன சொல்லை வகுப்பு அதே மணிநேரத்தில் பட்டப்பேராக எடுத்துக்கொள்கிறது. ஆசிரியரே சொன்னதால் அதற்கு அங்கீகாரமும் கிடைத்துவிடுகிறது. உடல் தண்டனையைத் தடுக்கும் சுற்றறிக்கையைக் கல்வி அமைச்சு 2005 இல் வெளியிட்டது. பிரம்பு விலகினாலும் நாக்கு விலகவில்லையென்றால் பிள்ளைக்குக் கிடைத்த பாதுகாப்பு பாதிதான். எனவே முதல் விதி ஆசிரியருக்கே: எந்தப் பிள்ளைக்கும் எந்தப் பட்டப்பேரும் வைப்பதில்லை, பிறர் வைத்ததை வகுப்பில் உச்சரிப்பதுமில்லை. இரண்டாவது, தவணை தொடங்கும்போது ஒவ்வொரு பிள்ளையிடமும் எந்தப் பெயரால் அழைக்கப்பட விரும்புகிறாய் என்று கேட்பது. மூன்று றிஸ்வான்கள் இருக்கும் வகுப்பில், அவர்களை வேறுபடுத்தும் பெயரை அவர்களே சொல்லட்டும். தேவையும் தீரும், உரிமையும் நிலைக்கும். மூன்றாவது, உடம்பு, வீடு, வாப்பாவின் தொழில், குடி, இனம் ஆகிய ஐந்திலிருந்து பெயர் எடுப்பதில்லை என்ற ஒப்பந்தத்தை மாணவர்களே தமக்குள் செய்துகொள்ளத் தூண்டுவது. தடை மேலிருந்து வந்தால் மீறுவதில் ஒரு வீரம் இருக்கும்; ஒப்பந்தம் தமக்குள் வந்தால் காப்பதில் மானம் இருக்கும். நான்காவது, வேண்டாம் என்று சொன்ன பிள்ளைக்குக் காரணம் கேட்காமல் துணை நிற்பது. முக்கியமாக, கேட்டுக்கொண்டு சும்மா இருந்த மற்றப் பிள்ளைகள் துணை நிற்பது. ஒரு பெயர் வாழ்வதும் சாவதும் அதைச் சொல்கிறவனைவிட, அதைக் கேட்டுச் சிரிக்கிறவர்களின் கையில்தான் அதிகம் இருக்கிறது.

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால், பகிடி என்று விட்டுவிடுகிறவர்களிடமும் பாவம் என்று மூடிவிடுகிறவர்களிடமும் விடுபட்டுப்போவது ஒன்றே: பெயரைச் சுமக்கிறவரின் விருப்பம். அந்த விருப்பத்தை அளவுகோலாக வைத்தால் மார்க்கத்தின் கட்டளையும் உளவியலின் முடிவும் இந்த ஊர்களின் அனுபவமும் ஒன்றோடொன்று முரண்படாமல் நிற்கின்றன. குடியாலும் முதலெழுத்தாலும் ஊராலும் இறுகப் பிணைக்கப்பட்ட ஒரு சமூகத்தில், பிள்ளை தன் விருப்பப்படி ஏற்கவோ மறுக்கவோ கூடிய பெயர் பட்டப்பேர் ஒன்றுதான். அந்த ஒன்றிலும் ‘எனக்கு இது வேண்டாம்’ என்ற சொல் செல்லுபடியாகும் என்று ஒரு பிள்ளை பன்னிரண்டு வயதில் கற்றுக்கொண்டால், பின்னாளில் தன் மேல் சுமத்தப்படும் வேறு பல பெயர்களையும் மறுக்கிற துணிவு அதற்கு வரும். பிறர் வேண்டாம் என்று சொல்லும்போது நிறுத்திக்கொள்கிற பண்பும் வரும். அதைக் கற்பிப்பது பாடத்திட்டத்துக்கு வெளியே இருக்கிற சிறு காரியம் அல்ல. மனிதரை மனிதர் மதிக்கக் கற்பதன் முதல் பாடம் அது, அதைத் தொடங்க வேண்டிய இடம் வகுப்பறை.